மொழித் தேர்வு உயர்மட்டக் குழு

நெருப்புக்கு அடுத்தபடியாக மனித குலத்துக்குக் கிடைத்த வெளிச்சம், 1991 தை மாதம் வேலம்பாளையத்தில் திறக்கப்பட்ட ஈஸ்வரா கம்ப்யூட்டர் சென்டர்தான். நிறுவனர், முதல்வர், ஆசிரியர் எல்லாம் ஈஸ்வரமூர்த்தியே. முந்தின மாதம் வரை பனியன் கம்பெனி நடத்தியவர். கம்ப்யூட்டரை இன்னும் அவர் போட்டுப் பார்த்ததில்லை. அதன்மேல் அவ்வளவு மரியாதை.

வகுப்பு தொடங்குமுன் ஒரு கேள்வி எழுந்தது. ஆரம்பநிலையினருக்கு எளிய கம்ப்யூட்டர் மொழி எது, பேசிக்கா, கோபோலா, பாஸ்கலா? பனியன் தொழிலில் சாம்பிள் ஓகே ஆகாமல் உற்பத்தியைத் தொடங்குவது மகாபாவம். ஆகவே அவரும் சாயப்பட்டறை மாரப்பனும் சேர்ந்து 'உயர்மட்டக் குழு' ஆனார்கள்.

“ஏனுங்க, இந்த பேசிக் துவைச்சாச் சுருங்குமுங்களா?” என்று மாரப்பன் ஆழமாக ஆராய்ந்தார்.

“சுருங்காதுங்க. ஆனா அது சின்னப் பசங்க சைஸுங்கறாங்க.”

“கோபோல்?”

“டபுள் எக்ஸெல்லுங்க.”

“அப்ப நடுவால இருக்கற பாஸ்கல்ல ஒரு சாம்பிள் கொண்டாங்க. தொட்டுப் பார்த்துச் சொல்றேன்.”

சாம்பிள் வரும்வரை கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அப்படியே பங்குனியும் வந்தது.

இந்தச் சென்டரை நம்பி, பனியன் கம்பெனியில் பார்த்த செக்கிங் வேலையை விட்டுவிட்டு வந்தவள் ஜெய்புன்னிசா. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டால் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வேலை தருவதாக ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். தினமும் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உறை மாட்டிய கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டுப் போவாள். இதற்கு 'தியரி வகுப்பு' என்று பெயர்.

“எந்த மொழியானாலும் சரிங்க சார், ஒண்ணைச் சொல்லிக் குடுங்க. பெருநாள் நெருங்கிருச்சுங்க.”

“அவசரப்படாத கண்ணு. உனக்குச் சுலபமா இருக்கோணுமில்ல?”

“கஷ்டமா இருந்தாலும் படிச்சுக்கறேனுங்க.”

ஈஸ்வரமூர்த்திக்குச் சுரீரென்றது. மூன்று மொழிப் புத்தகங்களையும் வாங்கி வைத்திருந்தார். எதிலும் முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. அதைச் சொல்லிவிடலாம்தான். சொல்வதற்குப் பதில் குழுவைக் கூட்டினார்.

பெருநாள் கழிந்த வாரம், இருப்பதிலேயே மெல்லிய புத்தகம் என்ற ஒரே தகுதியில், பேசிக் ஏகமனதாகத் தேர்வாயிற்று. புத்தகத்துக்கு மாலை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள்.

ஜெய்புன்னிசா லட்டை வாங்கவில்லை. “ஆபீஸ்ல வேற ஆளைச் சேர்த்துட்டாங்க சார். நாளையிலிருந்து செக்கிங்குக்கே போறேனுங்க.”

அவர் லட்டுத் தட்டைக் கீழே வைத்தார். ஆனாலும் நிறுவனராயிற்றே. “மனசை விட்றாத கண்ணு. ஆரம்பநிலைக்காரங்களுக்கு இதைவிடச் சுலபமான மொழி உலகத்துலயே இல்ல!”

“ரொம்பச் சந்தோசமுங்க சார்,” என்றாள் அவள், செருப்பை மாட்டியபடி. “நீங்க எப்பங்க படிக்க ஆரம்பிக்கறீங்க?”