கதவுக்குப் பச்சை அடித்த தை மாதம்

வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தை வேண்டாம் என்கிறார்கள், ஆனால் ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை என்றால், அந்தக் காரணம் அவர்கள் எல்லாருக்கும் தெரியும் என்று பொருள். தெரியாதவன் அந்த வீட்டில் ஒருவன்தான் இருப்பான். எங்கள் வீட்டில் அது நான்.

அப்போது நான் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. மாலையானால் நூலகம். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன தேதி ஒன்று, சட்டப்படி போன தேதி இன்னொன்று என்பதைக் கேட்காதவர்களையும் நிறுத்திவைத்து விளக்குவேன். (என்னைக் கண்டதும் அலுவலகத்தில் பலர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடப்பார்கள். வேலை மும்முரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.)

எங்கள் வீடு வாஞ்சூரில், எல்லையை ஒட்டி இருந்தது. நாகூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் தமிழ்நாடு முடிந்து எங்கள் பிரதேசம் தொடங்கும் இடம். அந்தப் பக்கம் அப்போது மதுவிலக்கு. இந்தப் பக்கம் சாராயக்கடை. எங்களுக்கு அடுத்த சந்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்று இருந்தது. அதன் முகப்பு கடைத்தெருவில். நான் அந்தச் சந்துப் பக்கமே போனதில்லை. ஒழுக்கமாக வளர்ந்ததன் பலனை விரைவில் அனுபவித்தேன்.

எழுபத்தேழு நவம்பர் புயலில் எங்கள் வாசற்கதவின் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரிந்துபோனது. அதற்கடுத்த தை மாதத்தில், தங்கை மல்லிகாவைப் பெண் பார்க்க நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஓர் இடம் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஏற்கெனவே வந்த இரண்டு இடங்களும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "போய்க் கடுதாசி போடறோம்" என்று கிளம்பியவை. தபால்காரர் தெருவில் வந்தாலே மல்லிகா கொல்லைப்பக்கம் போய்விடுவாள். இந்த மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். போட்டோவை அவள் அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்து, யாரும் பார்க்காதபோது எடுத்துப் பார்த்தாள். இந்த இடமாவது அமைய வேண்டும் என்று வீடே வேண்டிக்கொண்டது. நான் வேண்டுதலோடு நிற்காமல் கதவையும் பொறுப்பேற்றுக்கொண்டேன். முந்தைய இடங்கள் தட்டிப்போனதற்கு அழுது வடிந்த அந்தக் காவிக் கதவே காரணம் என்பது என் ஆராய்ச்சி முடிவு.

கடையிலிருந்து கலர் அட்டை வாங்கிவந்து நடுக்கூடத்தில் விரித்தேன். "இலைப்பச்சை" என்று அறிவித்தேன்.

அப்பா அட்டையைப் பார்க்காமலே, "பச்ச வேணாம்டா" என்றார்.

"ஏம்ப்பா?"

அப்பா அடுக்களைப் பக்கம் பார்த்தார். அங்கே அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வேணாம்னா வேணாம். நீலம் அடியேன். வானம் மாதிரி இருக்கும்."

"காரணம் சொல்லுங்க."

"அறுப்புக்கு ஆள் சொல்லணும், வர்றேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சித்தப்பாவும் அப்படித்தான். "பச்ச கண்ணுக்கு ஒரு மாதிரியா இருக்கும் தம்பி" என்றார். கண்ணுக்கு மிகவும் இதமான நிறமே பச்சைதான் என்று நான் படித்ததை அவருக்கு நெடுநேரம் எடுத்துச் சொன்னேன். "ஒனக்கு இதமா இருக்கும். ஊர்ல நாலு பேரு..." என்று ஆரம்பித்தவர், அம்மா காபியோடு வரவும் வாயை மூடிக்கொண்டார்.

பெயிண்டர் தங்கராசு டப்பாவைத் திறப்பதற்கு முன்பு ஒரு முயற்சி செய்தார். "மெரூன் அடிச்சா ஜம்முனு இருக்கும் சார். வீட்டுப் பெரியவங்க இந்தப் பச்சைக்கி ஒண்ணும் சொல்லலியா?"

"வேண்டாம்னாங்க. காரணம் கேட்டா சொல்லல."

"சொல்ல மாட்டாங்க சார்" என்று பெருமூச்சு விட்டு பிரஷை நனைத்தார். (அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ரசனை கெட்ட ஊர் என்று மட்டும் தோன்றியது.)

கதவு பளபளத்தது. பெண் பார்க்க வருவதற்கு முந்தைய நாள் மாலையில் முதல் தட்டல் கேட்டது. வெள்ளைச் சட்டையில் ஒருவர். தாழ்ந்த குரலில், "தம்பி, ஒரு கிளாஸ்" என்றார். தாகம் போலிருக்கிறது என்று ஓடிப்போய்ப் பானைத் தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி இது? இத்தனையா கலப்பீங்க? இதுக்கு நாகூர்லேந்து பஸ் ஏறி வரணுமா?"

"நீங்க யாரைத் தேடி வந்தீங்க?"

"பச்சக் கதவு இதான? முன்னாடி போனா நாலு பேரு பாப்பாங்க, மரியாதப்பட்டவங்க சந்து வழியா பச்சக் கதவத் தட்டுவாங்கன்னு சொன்னாங்களே!"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா வெளியே வந்து அப்பாவைப் பார்த்தாள். "இது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் அப்பா.

சித்தப்பாவும் கேள்விப்பட்டிருந்தார்.

தங்கராசுவைத் தேடிப் பிடித்தேன். பச்சை காயாமல் மேலே வேறு கலர் அடித்தால் சுருங்கிக்கொள்ளும் என்று கையை விரித்துவிட்டார். மறுநாள் விடிந்ததிலிருந்து போக்குவரத்து தொடங்கியது. கதவை மூடினால் தட்டினார்கள். திறந்து வைத்தால் உள்ளேயே வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் நான் வாசலில் நின்றுகொண்டு, "இங்க இல்லைங்க, அடுத்த சந்து" என்று கைகாட்டி மரம் போல வழி சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

பொறுமை முற்றும் தீர்ந்த நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். நெற்றி நிறையப் பட்டை, தோளில் ஜரிகைத் துண்டு. "தம்பி, சட்டுனு ஒண்ணு குடுங்க. பின்னாடி ஆளுங்க வந்துக்கிட்டிருக்காங்க" என்றார்.

"இத்தனை பட்டை போட்டுக்கிட்டுக் காலங்காத்தால வந்து நிக்கறீங்களே, வெக்கமா இல்லையாங்க?" என்றேன். அதோடு விடவில்லை. மதுவிலக்கின் வரலாற்றையும் கொஞ்சம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த சந்துக்குப் போனார்.

அடுத்த பஸ்ஸில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும், "எங்கண்ணன் இன்னும் வரலியா? வழி விசாரிச்சு வெக்கறேன்னு முந்தின பஸ்லயே வந்துட்டாங்களே" என்றார். சொல்லி முடிக்கும்போது வாயில் ஏலக்காயை மென்றபடி பட்டைக்காரர் படியேறினார். மாப்பிள்ளையின் தாய்மாமன். அவர் சம்மதிக்காமல் அந்த வீட்டில் எதுவும் நடக்காது என்று தரகர் சொல்லியிருந்தார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கணத்தில்தான், காரணம் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய நாகரிகம் என்று எனக்குப் புரிந்தது.

மல்லிகா காபி கொண்டுவந்தாள். ஒரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளை போட்டோவில் பார்த்ததைவிட நன்றாகவே இருந்தார் போலிருக்கிறது. உதடு லேசாக மலர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "லட்சணமா இருக்கியேம்மா" என்று கன்னத்தைத் தொட்டார். "என்னண்ணே சொல்றீங்க?" என்று தாய்மாமன் பக்கம் திரும்பினார். அவர் வேகவேகமாகத் தலையாட்ட ஆரம்பித்தார். அப்பாவின் கை தாம்பாளத்தை நோக்கிப் போனது.

அப்போது வாசலில் ஒரு நிழல் ஆடியது. காலையில் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்.

"தம்பி! வழி சொன்னீங்களே, ஒங்க குடும்பம் நல்லா இருக்கணும்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றவர் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, அண்ணே! அங்க பக்கத்துல ஒக்காந்து குடிச்சமே, அதுக்குள்ள இங்க வந்துட்டீங்க! இங்கயும் ஊத்தறாங்களா?"

மாப்பிள்ளையின் அம்மா தன் அண்ணனைப் பார்த்தார். முகம் சிவந்து, மல்லிகாவின் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "போய்க் கடுதாசி போடறோம்" என்று எங்கள் அம்மாவிடம் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எங்கள் மீது தவறு இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் மறுபடி எங்கள் முகத்தில் விழிக்க அவரால் முடியவில்லை. கடிதம் வரவில்லை.

அன்று மாலை காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே மல்லிகா கேட்டாள்: "ஏண்ணே, நீ படிச்ச புஸ்தகத்துல, கதவுக்கு உள்ள இருக்கறவளப் பத்தி ஒண்ணும் போடலியா?"

அவள் கழுவிவைத்த டம்ளர்களை நான் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கவிழ்த்தேன்.

மறுவருடம் வைகாசியில் அவளை நெடுங்காட்டில் கொடுத்தோம். கதவு அதற்குள் மெரூனாகியிருந்தது. (பெண் பார்க்க வந்த அன்று என்னைக் காரைக்காலுக்கு அனுப்பிவிட்டார்கள்.) மாப்பிள்ளைக்கு விவசாயம். மோரைத் தவிர வேறெதுவும் தொடாத மனிதர். கல்யாணமான முதல் மாதமே மல்லிகா கதை முழுவதையும் அவரிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை, பொங்கலோ தீபாவளியோ, வந்ததும் வாசலில் நின்று மெதுவாகக் கதவைத் தட்டி, குரலைத் தாழ்த்தி, "மச்சான், ஒரு கிளாஸ்" என்பார். நான் மோரோடு போக வேண்டும். ஒரு வாய் குடித்துவிட்டு, "இத்தனையா கலப்பீங்க?" என்பார். பேரப் பிள்ளைகள் வரை வீடே விழுந்து விழுந்து சிரிக்கும்.

மல்லிகாவும் சிரிப்பாள். ஆனால் எல்லாரும் தொடங்கிய பிறகுதான் தொடங்குவாள்.