வேலியில் கற்ற அரசறிவியல்

மனிதருக்குள் சண்டை எங்கிருந்து வருகிறது என்பதை இருபது வயதில் நான் கரைத்துக் குடித்திருந்தேன். அதை எங்கள் வேலியில் சோதித்துப் பார்த்ததுதான் பிழை.

தொண்ணூறுகளின் தொடக்கம். போரால் பல்கலைக்கழகம் பூட்டிக்கிடந்ததால், அரசறிவியலில் ஒரு வருடம் மட்டும் முடித்தவனாக யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வீட்டில் இருந்தேன். தலைக்குள் இருநூறு முந்நூறு வருடப் பழைய ஐரோப்பிய ஞானிகள். போட்டி, பயம், பெருமை மூன்றாலும் மனிதர் அடிபடுவார்கள், எல்லாருக்கும் மேலே ஓர் அதிகாரம் வேண்டும் என்றார் ஒருவர். முதல் வேலி போட்டவனால் வந்த வினை என்றார் இன்னொருவர். (இருவருக்கும் ஒத்துவராது என்பது இரண்டாம் வருடப் பாடம்.)

அடுத்த வளவு, அதாவது பக்கத்து வீட்டுக் காணி, அம்மாவின் தம்பியுடையது. வேலி அடைக்கும்போது கதியாலை, அதாவது வேலிக் கம்பை, ஒரு சாண் தள்ளி நட்டது யார் என்று ஐயாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மாமாவும் சண்டைபிடித்து, இரண்டு வருடமாக இருவருக்கும் கதைபேச்சில்லை. அடுத்த மாதம் அக்காவின் கலியாணம்.

"என்ரை தம்பி வராட்டில் மணவறைக்கு நானும் வரமாட்டன்" என்றுவிட்டார் அம்மா.

மேலான அதிகாரம் நானே என்று தீர்மானித்தேன். இருவரும் தோட்டத்துக்குப் போன காலையில் அலவாங்கோடு, அதாவது கடப்பாரையோடு, இறங்கினேன். கை கொப்பளித்தும் விடவில்லை. கதியால் அத்தனையும் பிடுங்கி, குழிகளையும் மூடினேன். (பழைய கதியால் நிற்கும்போதே எல்லைக்கு நூல் கட்டவேண்டும். எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.) மாமாவின் ஆடுகள் எங்கள் பயிற்றங்கொடியை முடித்தன. எங்கள் நாய் மாமாவின் கோழிகளைத் துரத்தியது.

ஐயா வந்தார். "எங்கையடா வேலி?"

"பிரச்சினையின்ரை மூலத்தை எடுத்துப்போட்டன் ஐயா."

மாமா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அப்ப எல்லை எதடா?"

"இனி நீங்கள் இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்து, அதிகாரத்தை என்னட்டை..."

மாமா இரண்டு வருடத்துக்குப் பிறகு முதன்முறையாக ஐயாவின் பக்கம் திரும்பினார். "அத்தான், உவனை என்னத்தைப் படிக்கவெண்டு அனுப்பினனீங்கள்?"

"எனக்கென்ன தெரியும் மச்சான்? சோதினை பாஸ் எண்டாங்கள்."

"மூளையையும் ஒருக்கால் சோதிச்சிருக்கலாம்."

ஐயா சிரித்துவிட்டார். பின்னேரம்வரை ஒருவர் நூல் பிடிக்க மற்றவர் கதியால் நட்டார். நான் தூக்கிக் கொடுத்தேன். "எட அரசாங்கம், கெதியா வா!" என்று இருவரும் மாறிமாறி ஏசியதில், அந்த ஒரு சாண் எவருக்கும் ஞாபகம் வரவில்லை. வேலி நடுவில் வளைந்துபோனது. அதற்கும் என்னைத்தான் ஏசினார்கள்.

கலியாணத்தன்று வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றவர் மாமா. ஒவ்வொருவருக்கும் வேலிக் கதையையும் சொல்லித்தான் உள்ளே விட்டார்.

இன்றைக்கும் குடும்பத்தில் எவராவது இருவர் முகம் திருப்பிக்கொண்டால், கனடாவிலிருந்து அக்கா போனில் சொல்லுவாள்: "தம்பியைக் கூப்பிடுங்கோ. இரண்டு பேரும் சேர்ந்து அவனை ஏசட்டும்."

போகிறேன். அந்த வழி இதுவரை ஒருமுறையும் தோற்றதில்லை.