ஊறுகாய்க் கிண்ணத்தில் பொங்கல் விருந்து

திண்டிவனம்,
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை.

பேரன்புமிக்க அண்ணன் விருத்தாசலம் அவர்களின் சமூகத்துக்கு, தங்கை கிருஷ்ணவேணி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், தங்கள் மாப்பிள்ளையும், எங்கள் மகள் கலைப்பிரியாவும் சுகமாக இருக்கிறோம். வல்லத்தில் தாங்களும் அண்ணி பூமாலையும் சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் தாங்கள் பதில் சொல்லிவிடுவீர்களாக்கும்! பொங்கலிலிருந்து நான் போன் போட்டால் கட் பண்ணுகிறீர்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் ரெண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் தபாலில் போடுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கையில் வாங்கித்தானே கிழிக்கவேண்டும்? கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடவும். வருகிற வைகாசியில் கலைப்பிரியாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் நம் பக்கத்தில் எந்தப் பெண்ணும் மணையில் உட்கார்ந்ததில்லை. அந்தத் தாய்மாமனோ, “இந்த வாசப்படிய இனிமே மிதிச்சா என்ன செருப்பால அடி” என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை.

அன்னிக்கு நடந்தத முதல்ல ஒழுங்கா சொல்லிடறேன். ஏன்னா நீங்க செஞ்சி டவுன் வரைக்கும் அத வேற மாதிரி சொல்லிக்கினு திரியறதா கேள்வி. பொங்கல் சீர் எடுத்துக்கினு டாடா ஏஸ்ல வந்து எறங்கினீங்க. தோள்ல பச்சரிசி மூட்டை, கக்கத்துல பரங்கிக்காய், டிரைவர் கையில கரும்பு. நான் வாசல்ல நின்னுக்கினு வாயெல்லாம் பல்லா சிரிக்கிறேன். நீங்க என் மூஞ்சியப் பாத்து, “ஏம்மா, உள்ள கிருஷ்ணவேணி இருந்தா கூப்பிடு, அவங்க அண்ணன் வந்திருக்காருன்னு சொல்லு”ன்னீங்க. பொறந்ததுலேர்ந்து பாத்த மூஞ்சிண்ணா இது! “நான்தாண்ணா”ன்னு சொன்னதும் பரங்கிக்காய் நழுவி படிக்கட்டுல விழுந்து நாலா ஒடைஞ்சிது. அப்பவாவது என்னா ஏதுன்னு கேட்டிருக்கலாம். கேக்கல. விடுவிடுன்னு உள்ள போனீங்க. உள்ள உங்க மாப்ள சட்டை இல்லாம உக்காந்திருக்காரு. எதிர்ல தலைவாழை எலை. அதுல சக்கரைப் பொங்கல், வெண்பொங்கல், மூணு வடை, மொச்சக்கொட்டைக் கொழம்பு. பக்கத்துல எனக்கு ஒரு ஊறுகாய்க் கிண்ணம், அதுல ரெண்டு ஸ்பூன் மசிச்ச மொச்சை. நீங்க கிண்ணத்தப் பாத்தீங்க. போன வருஷம் வரைக்கும் குச்சியா இருந்த அவரு வயித்துல புதுசா வந்திருந்த தொப்பையப் பாத்தீங்க. மயிரு கொட்டி மண்டை தெரியற என் தலையப் பாத்தீங்க. அவ்ளோதான், கேஸ் முடிஞ்சிது, தீர்ப்பும் எழுதியாச்சி.

“ரேஷன் கடையில ஒக்காந்துக்கினு ஊருக்கெல்லாம் அரிசி போடறியே, என் தங்கச்சிக்கு ஒரு புடி போட மனசு வரலியாடா! அவ பங்கையும் சேத்துத் தின்னு வயிறு வளத்திருக்கியேடா பாவி!”ன்னு நீங்க போட்ட சத்தத்துல அடுத்த வீட்டுப் பால் குக்கர் விசிலே யாருக்கும் கேக்கல. அந்த மனுஷன் வாயில முழு வடை. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல, தலைய மட்டும் ஆட்டினாரு. நீங்க அத ஒத்துக்கிட்டாருன்னு எடுத்துக்கினீங்க. “சோறு போடாத வீட்டுக்கு அரிசி ஒரு கேடா”ன்னு கொண்டாந்த மூட்டையத் திரும்பத் தோள்ல ஏத்திக்கினு போயே போயிட்டீங்க. கரும்பும் போச்சு. சீர்த் தட்டு மட்டும் தங்கிச்சி. அதுல அண்ணி பழைய அளவு குடுத்துத் தைச்சிருந்த ரவிக்கையில நானும் கலைப்பிரியாவும் சேந்தே நுழையலாம்.

அதுக்கப்புறம் அவரு பட்ட பாட்டக் கேளுங்க. பொங்கல் லீவு முடிஞ்சி கடையத் தொறக்கறாரு, கியூவுல நின்ன பொம்பளைங்க ஒருத்தி கூட அவரு மூஞ்சியப் பாக்கல. ஒரு ஆயா கைரேகைய வெச்சிட்டு, “என் பங்குல ஒரு கிலோ எடுத்துக்கினு போயி உன் சம்சாரத்துக்குப் பொங்கிப் போடு சாமி, புண்ணியமாப் போவும்”னு சொல்லிச்சாம். சாயந்திரம் எங்க மகளிர் குழுவுலேர்ந்து ரெண்டு பேரு டிபன் கேரியர்ல பிரியாணி எடுத்துக்கினு பின்பக்கமா வந்தாங்க. “அவரு வர்றதுக்குள்ள ஜல்தியா சாப்பிட்டுடுக்கா”ன்னு ஒருத்தி வாசல்ல காவலுக்கு வேற நிக்கிறா. நான் ஒரு துண்டு கறிய எடுத்து மென்னுக்கினே இருக்கேன், இன்னொருத்தி கண்ணுல தண்ணி. “பாவம், முழுங்கக்கூட தெம்பில்ல”ங்கறா. பேஜாரு புடிச்ச பொழப்பாப் போச்சி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இனிமே நீங்க வாங்கன்னு எழுத எனக்கு வராது, கை வலிக்குது, நீன்னே எழுதறேன். எனக்கு ஆப்ரேஷன் நடந்திருக்குண்ணா. பயந்துடாத, நல்லாத்தான் இருக்கேன். ஒடம்பு எடைய கொறைக்கிற ஆப்ரேஷன். போன ஆவணியில புதுச்சேரியில ஒரு ஆஸ்பத்திரியில பண்ணிக்கினேன். வயித்துல சின்னச் சின்னதா ஓட்டை போட்டு, உள்ள இருக்கற இரைப்பைய வெட்டித் தச்சி ஒரு வாழைக்காய் அளவுக்கு ஆக்கிட்டாங்க. தீபாவளிக்கு நீ வர்றேன்னப்ப எனக்கு சளி, வராதன்னு சொன்னது பொய். சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல.

ஏன் பண்ணிக்கினேன்னு கேளு. ஆனியில கலைப்பிரியாவுக்கு நிச்சயம் பண்ணமே, நீ கூட வெளிய பந்தல்காரங்கிட்ட சண்ட போட்டுக்கினு இருந்தியே, அப்ப அடுப்பங்கரையில எங்க ஓரகத்தி சொல்லிச்சி: “கிருஷ்ணவேணியால கீழ உக்கார முடியாதே. நானும் எங்க வீட்டுக்காரரும் மணையில உக்காந்து பொண்ண தாரை வார்த்துக் குடுத்துடறோம். இது ஓரமா ஒரு சேர் போட்டு உக்காந்து பாக்கட்டும்.” கெட்ட எண்ணத்துல சொல்லல. எனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான் சொல்லிச்சி, அதுதான் எனக்குத் தாங்கல. பெத்தது நான், சேர்ல உக்காந்து பாக்கறதா? ஆனா அது சொன்னதும் நெஜம்தானே. எட்டு வருஷமா நான் தரையில உக்காந்ததில்ல. முட்டி தேஞ்சி போச்சி, சக்கரை ஏறிப் போச்சி, படுத்தா மூச்சு முட்டுது. பட்டினி கெடந்து பத்து கிலோ எறக்குவேன், அது போயி சொந்தக்காரன் ரெண்டு பேர கூட்டிக்கினு திரும்பி வரும். அன்னிக்கு முடிவு பண்ணேன்.

உங்கிட்ட ஏன் சொல்லலன்னா, நீ உடமாட்ட. அப்பாவ ஆஸ்பத்திரியில சேத்துட்டு நீ அவரு சட்டைய மட்டும் மடிச்சி எடுத்துக்கினு திரும்பி வந்தியே, அன்னியிலேர்ந்து ஆஸ்பத்திரி வாசல்ல டீ குடிக்கக்கூட நீ நிக்கறதில்ல. உனக்குச் சொல்லியிருந்தா ஆப்ரேஷன் தேட்டருக்கு முன்னாடி படுத்துக்கினு இருப்ப. அதனாலதான் முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். பொங்கலுக்கு நீ வந்ததும் சாப்பிட்டு முடிச்சி, உக்கார வெச்சி, பக்குவமா சொல்லலாம்னு ஒரு வாரமா பேசிப் பாத்து வெச்சிருந்தேன். நீதான் பந்திக்கே உக்காரலியே!

ஆப்ரேஷன் பண்ணா அப்படியே எளச்சிடலாம்னு நெனைக்காத. “கத்தி என் வேல, அதுக்கப்புறம் ஆயுசுக்கும் உங்க வேல”ன்னு டாக்டர் மொதல்லயே சொல்லிட்டாரு. முதல்ல வெறும் மோரு, பருப்புத் தண்ணி, சூப்பு. அப்புறம் கொழந்தைக்குக் குடுக்கற மாதிரி மசிச்சது. இப்ப முட்டை, மீனு, பயிறு இதெல்லாம் முதல்ல, சோறு எடம் இருந்தா கடைசியில. எடம் எங்க இருக்குது, மொச்சக்கொட்டையே படுத்துக்க எடம் தேடுது. சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது. மென்னுக்கினே இருக்கணும், நான் ஒரு இட்லி தின்னு முடிக்கறதுக்குள்ள டிவியில ஒரு சீரியல் முடிஞ்சிடுது. மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. மயிரு கொட்டினது கூட எளைக்கும்போது கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்குமாம், இப்ப மொளைக்குது, வந்து தடவிப் பாரு. சாப்பாட்டுக்குன்னே அங்க டயட்டீசியன் ஆர்த்தின்னு ஒரு சின்னப் பொண்ணு இருக்குது, அது எமன். ஒரு கிருத்திகைக்குப் படைச்ச சக்கரைப் பொங்கல யாரும் பாக்காம நாலு வாய் தின்னுட்டேன். வேர்த்துக் கொட்டி, படபடன்னு வந்து, கண்ண இருட்டி, செத்தேன்னு நெனச்சி உன் மாப்ளகிட்ட கடைசி வார்த்தையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சிட்டேன். பீரோ சாவி எங்கன்னு சொல்றதுக்குள்ள சரியாயிடுச்சி. ஆர்த்திக்கு போன் பண்ணா, “இனிப்ப அப்படி அள்ளித் தின்னா அப்படித்தான்மா பண்ணும்”னு சிரிக்குது.

இப்ப அவரு தொப்பைக்கு வர்றேன். வயித்த வெட்டினாங்களே தவிர என் கைய யாரும் வெட்டலியே! அரிசி அள்ளற கை பழைய அளவுக்கே அள்ளுது. கொழம்பு பழைய சட்டியிலயே கொதிக்குது. நான் ரெண்டு ஸ்பூன் தின்னுட்டு எழுந்துடறேன், மிச்சத்த என்னா பண்றது? சிந்தின அரிசியக்கூட ஒண்ணொண்ணாப் பொறுக்கற மனுஷன் அவரு, சோத்தக் கீழ கொட்ட மனசு வராது. “கொண்டா, நானே தின்னுடறேன்”பாரு. நான் எறங்க எறங்க அவரு ஏறினாரு. அவரும் முடியாதுன்னு விட்டத தெருநாய் ரெண்டு தின்னுச்சி. அதுங்க இப்ப வண்டி வந்தாக்கூட எழுந்து நகர்றதில்ல, ஆரன் அடிச்சா என்னைப் பாக்குதுங்க. ஆக, நீ சொன்னது ஒரு விதத்துல நெஜம்தான். என் பங்கையும் சேத்து அவருதான் தின்னாரு. ஆனா புடுங்கித் தின்னல, நான் போட்டுத் தின்னாரு. ஆஸ்பத்திரியில என் கூடவே கெடந்து, எனக்கு முதுகு தேச்சி விட்டு, எனக்கு மோரு மட்டும்னு சொன்னப்ப தானும் மூணு நாள் மோரு குடிச்ச மனுஷன்ண்ணா அது. அவரப் போயி பாவின்னுட்ட.

நேத்து கலைப்பிரியா பரண்லேர்ந்து மணைய எடுத்துப் போட்டுச்சி. “உக்காந்து பாரும்மா”ன்னுச்சி. உக்காந்தேன். சம்மணம் போட்டு உக்காந்தேன்ண்ணா! எழுந்திருக்கும்போது அவரு கை நீட்டினாரு. வேணாம்னுட்டு, தரையில ஒரு கைய ஊணி நானே எழுந்துட்டேன். அப்புறம் மூணு பேரும் அழுதுட்டோம். ஓரகத்திக்கு போன் போட்டு, நானே தாரை வார்க்கறேன்க்கான்னு சொன்னேன், அதுவும் அழுதிச்சி. எனக்கு அந்த நேரம் நீ ஞாபகம் வந்துட்ட. எல்லாருக்கும் சொல்லியாச்சி, உனக்குச் சொல்ல முடியலியே.

கடைசியா சொல்றேன். உன்ன நான் கெஞ்சப் போறதில்ல. வந்தா வா, வராட்டிப் போ. சித்தப்பா மகன் முத்துசாமிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், அவன் வந்து பட்டம் கட்டறேன்னுட்டான், பட்டமும் வாங்கியாச்சி, உனக்காக எதுவும் நிக்காது. அப்படி வர்றதா இருந்தா வெறுங்கையோட வா. அரிசி, வெல்லம், பரங்கிக்காய் ஒண்ணும் வேணாம். முக்கியமா நம்ம கொல்லியில வெளையற மல்லாட்டைய கொண்டாராத, வேர்க்கடலைய உரிக்க ஆரம்பிச்சா கை நிக்காது. இந்த வீட்ல நொறுக்குத்தீனி பேச்சே கெடையாது. பந்தியில யாராவது எனக்கு இன்னும் ஒரு கரண்டி போட வந்தா கரண்டியப் புடுங்கிடு, அது ஒண்ணுதான் நீ எனக்குச் செய்யவேண்டிய சீர்.

தங்களையும் அண்ணியையும் காலில் விழுந்து வணங்குகிறேன். இத்தனை வருஷமாக இந்த வரியைக் கடுதாசியில் சும்மாதான் எழுதிக்கொண்டிருந்தேன். விழுந்தால் யார் தூக்குவது? இப்போது நிஜமாகவே விழுந்து, நிஜமாகவே எழுந்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தங்கை,
கோ. கிருஷ்ணவேணி.

பி.கு.: முத்துசாமிகிட்ட நான் கேக்கவே இல்ல. நம்ம வீட்ல கல்யாணம்னே அவனுக்கு இன்னும் தெரியாது. பட்டமும் வாங்கல. நீதான் வாங்கணும். அப்புறம், தபால்ல போடறேன்னு மேல எழுதினதும் அடிச்சிட வேண்டியதுதான். “மச்சான் படிக்கும்போது நான் எதிர்ல இருக்கணும்”னு உன் மாப்ளயே எடுத்துக்கினு கெளம்பிட்டாரு. இப்ப உன் வாசல்ல செருப்பக் கழட்டாம நிக்கறாரு பாரு, நீ சொன்னாத்தான் உள்ள வருவாரு. கூப்பிட்டு சோறு போடு. கொஞ்சமாப் போடு, தொப்பைய எறக்கணும்னு ஆர்த்தி அவரையும் புடிச்சிக்கினு இருக்குது. போதும்னா நம்பு. மல்லாட்டை வேணாம்னதும் பொய். அவிச்ச மல்லாட்டை ஒரு கை தின்னலாம்னு அந்தப் பொண்ணே சொல்லியிருக்குது. இப்ப நம்ம கொல்லியில புடுங்கற நேரம்தானே. அவரு கையில குடுத்து அனுப்பிடாத. நீயே எடுத்துக்கினு வந்து, பக்கத்துல உக்காந்து உரிச்சிக் குடு. கீழயே உக்காந்து தின்னலாம்ண்ணா.