பதினேழாம் எண் மாம்பழமும் கைலைட்டிஸும்

"லீவு சீட்டுல உதடுன்னு மட்டும் எழுதிடாதீங்க டாக்டர்" என்று ஆ-சாங் கெஞ்சினான். வீங்கிக் கிடந்த வாயிலிருந்து பாதி எழுத்துகள்தான் வெளியே வந்தன.

குவோ டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "வீங்கியிருக்கறது உதடு. பின்ன முழங்கால்னா எழுத முடியும்?"

மாம்பழத்தால் பிழைக்கிற ஊர் அது. தோலோடு கடித்துத் தின்றவனை இரண்டே நாளில் அவன் உதடே காட்டிக்கொடுத்துவிடும் என்பது அங்கே தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். ஆ-சாங்கோ விவசாயிகள் சங்கத்துக் குமாஸ்தா. மாம்பழப் போட்டிக்கு வந்த பழங்களுக்கு அவன்தான் காவல். விழா முடியும்வரை சங்கத்து ஆள் மாம்பழத்தை வாயில் வைத்தால் வேலை போய்விடும்.

திங்கட்கிழமை மத்தியானம் பதினேழாம் எண் பழத்தின் வாசனை அவனைச் சும்மா இருக்க விடவில்லை. கொட்டையைச் சப்பி முடித்த பிறகுதான் புத்தி வந்தது. பாலத்தடிக் கடைக்கு ஓடி, அதே அளவில் ஒரு பழம் வாங்கி வந்து அந்த இடத்தில் வைத்தான். மறுநாள் நடுவர்கள் ருசி பார்த்து, அந்தக் கடைப் பழத்துக்கே முதல் பரிசைக் கொடுத்துத் தொலைத்தார்கள்.

"வைத்தியப் பாஷையில வேற பேரு இருக்குமே டாக்டர்?"

"இருக்கு. கைலைட்டிஸ். அதுக்கும் அர்த்தம் உதட்டழற்சிதான்."

"அர்த்தம் உங்களோடயே இருக்கட்டும். பேரை மட்டும் எழுதுங்க."

சங்கத்து மேலாளர் சாய் விடுப்புச் சீட்டை மூன்று முறை படித்தார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். கைக்குட்டையால் வாயைப் பொத்தி நின்ற ஆ-சாங்கைப் பார்த்து, "இந்த வயசுலயா தம்பி?" என்று பெருமூச்சு விட்டார்.

"எங்க சித்தப்பாவுக்கும் 'டிஸ்'னு முடியற வியாதிதான்" என்றாள் தபால் பிரிவு பீ-ஹோங். "ஈரல் போச்சு. மூணே மாசம்."

சாயங்காலத்துக்குள் ஆ-சாங்கின் அறைக்கு மூன்று பானை மீன் சூப் வந்து இறங்கியது. இஞ்சிக் காரம் உதட்டில் பட்டதும் அவன் கண்ணில் நீர் கொட்டியது.

"பாவம், தெரிஞ்சுபோச்சு அவனுக்கு" என்று பீ-ஹோங்கும் சேர்ந்து அழுதாள்.

பதினேழாம் எண்ணுக்குச் சொந்தக்காரரான லியாவ் அண்ணனே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பழத்தைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டியே தம்பி, உனக்கா இப்படி வரணும்?"

ஆ-சாங்குக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி ஒருவரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று, "கிட்ட வராதீங்க அண்ணே, ஒட்டிக்கும்" என்று சொல்லிவைத்தான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. மறுநாள் காலை சங்கம் முழுக்க மருந்து அடித்தார்கள். பீ-ஹோங் அவன் பேனாவை இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டாள். மேலாளர் ஆ-சாங்கின் அறை வாசலில் நின்றபடியே சொன்னார்:

"கவலைப்படாத. பரிசு விழாவுக்கு குவோ டாக்டரையே வரச் சொல்லிட்டேன். ஊருக்கே விளக்கிச் சொல்லட்டும்."

சனிக்கிழமை விழாவில் ஆ-சாங்கைச் சுற்றி பன்னிரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. டாக்டர் மைக்கைப் பிடித்தார்.

"யாரும் பயப்பட வேண்டாம். கைலைட்டிஸ்னா உதட்டழற்சி, அவ்வளவுதான். ஒட்டாது. வெயில், குளிர், உதட்டுச் சாயம்னு காரணம் எவ்வளவோ இருக்கு. நம்ம ஊர்ல என்ன காரணம்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?"

முந்நூறு தலைகள் ஒன்றாகத் திரும்பின. ஆ-சாங் எழுந்து கைக்குட்டையை எடுத்தான். இதற்கு மேல் பொய் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

"பதினேழாம் எண் பழத்தை நான்தான் தின்னேன். பரிசு வாங்கினது பாலத்தடிக் கடையில நான் வாங்கி வெச்ச பழம். லியாவ் அண்ணனுக்குத் துரோகம் பண்ணிட்டேன்."

லியாவின் முகத்தில் ரத்தமே இல்லை. மேலாளர் அவர் கையிலிருந்த பரிசுக் கோப்பையை மெல்லப் பிடுங்கினார். "அப்ப இது உங்களுக்கு இல்லீங்க. அந்தக் கடைப் பழம் எந்தத் தோட்டத்துதுன்னு விசாரிக்கணும்."

பின்வரிசையிலிருந்து லியாவின் மனைவி விறுவிறுவென்று மேடையேறினாள். புருஷனை ஒரு முறை முறைத்துவிட்டு மேலாளரிடம் கை நீட்டினாள்.

"குடுங்க இப்படி. அந்தக் கடைக்குப் பழம் போடறதே நான்தான், அம்புட்டும் எங்க தோட்டத்துது. எங்க பழம் தேறாதுன்னு இந்த மனுஷன் போட்டிக்கு வெச்சாரே, அதுதான் பக்கத்து ஊர்ல வாங்கினது."