கோட்டுக்குள்ள நைட்டி

போன ஐப்பசியில வியன்னாவுல இருக்கிற மக வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கன ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பால் வாங்கப் போனேன். அம்புட்டுத்தான் வேலை.

மகளும் மாப்பிள்ளையும் தூங்கிக்கிட்டு இருந்தாக. எனக்குக் காப்பி குடிக்காம கை கால் ஓடாது. நைட்டியில இருந்தேன். மேல துண்டைப் போட்டேன்.

எங்க ஊரு தேவாரத்துல நைட்டிக்கு மேல ஒரு துண்டைப் போட்டுட்டா அது முழு உடுப்பு. பால் வாங்கலாம், ரேஷன் கடையில நிக்கலாம், பேங்குக்கே போய்ட்டு வர்ற ஆளுக இருக்காக. குளிருக்காக அதுக்கும் மேல மகளோட நீளக் கோட்டை மாட்டிக்கிட்டேன். கழுத்துல இருந்து கணுக்கால் வரைக்கும் மூடிருச்சு. உள்ள என்ன இருக்குன்னு ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

கடை பூட்டிக் கிடந்துச்சு. அடுத்த கடையும் பூட்டு. அந்த ஊர்ல ஞாயித்துக்கிழமைன்னா கடை கிடையாதாம். எங்கூர்ல மாதா கோயில் பூசைக்குப் போய்ட்டு வந்து கறி எடுக்கிறதே அன்னைக்குத்தான்.

வெறுங்கையோட திரும்புறேன், வாசல்ல வீட்டுக்காரம்மா நிக்கிறாக.

இவுகளப் பத்திச் சொல்லணும். எழுபது வயசு தாண்டினவுக. கீழ் வீட்டுல இருந்துக்கிட்டு மேல் வீட்டை என் மகளுக்கு வாடகைக்கு விட்டிருக்காக. ஒப்பந்தம் அந்த மாசத்தோட முடியுது. மறுபடி அவுக கையெழுத்துப் போடணும். அந்த நேரம் பாத்துத்தான் நான் முந்தின ஞாயித்துக்கிழமை இடிகல்லுல மிளகு சீரகம் இடிச்சேன். அவுக மாடியேறி வந்து ஏதோ சொல்லிட்டுப் போனாக.

"ஞாயித்துக்கிழமை இங்கன சத்தம் போடக்கூடாதும்மா. காலி பண்ணுன்னுட்டா இந்தக் குளிர்ல நாங்க எங்கன போறது?"ன்னு மக அழுகாத குறை. அதுல இருந்து அந்தம்மாவப் பாத்தாலே நான் கதவுக்குப் பின்னால ஒதுங்கிருவேன்.

அன்னைக்கு என்னமோ சிரிச்சாக. கழுத்துல முத்துமாலை, உதட்டுல சாயம், கையில ரெண்டு டிக்கெட். என்னென்னமோ பேசுனாக. நான் மகளுக்குப் போன் போட்டு அவுக கையில குடுத்தேன். பேசி முடிச்சுத் திருப்பிக் குடுத்தாக.

"அம்மா, அவுக கூட்டாளிக்குக் காய்ச்சலாம். கச்சேரிக்கு ஒரு டிக்கெட் மிச்சம் இருக்காம். ஒன்னையக் கூப்பிடுறாக."

"ஏடி, நான் நைட்டியில இருக்கேன்."

"மேலதான் கோட்டு இருக்குல்ல?"

"வந்து ஒரு சேலையச் சுத்திட்டுப் போறேன்."

"நேரம் இல்லையாம். அம்மா, கையெழுத்து இன்னும் போடல. மூஞ்சியத் தூக்கி வைக்காமப் போய்ட்டு வா."

டிராம்ல ஏறிட்டேன். அழகான ஊருதான். திரும்புன பக்கமெல்லாம் சங்கீதக்காரக சிலையா நிக்கிறாக. ஒருத்தரு தங்கமா மின்னிக்கிட்டு பிடில் வாசிக்கிறாரு. சரி, இதையும் பாத்த மாதிரி ஆச்சுன்னு நெனைக்கிறப்ப போன் அடிச்சுச்சு.

"அம்மா, ஒம் மாப்பிள்ளை இப்பத்தான் சொல்றாக. அங்கன கோட்டைக் கழட்டி வாங்கி வச்சுக்குவாகளாம். கோட்டோட உள்ள விடமாட்டாகளாம்."

"எறங்கிரவா?"

"எறங்காத. கையெழுத்து." அப்புறம் மெதுவாக் கேட்டா. "எந்த நைட்டி?"

"மஞ்சள். ஊதாப் பூப் போட்டது."

"இடுப்புக்கிட்ட குழம்புக் கறை இருக்குமே, அதா?"

"அதேதான்."

டக்குன்னு போனை வச்சுட்டா.

மண்டபத்துல எங்க பாத்தாலும் தங்கமும் சரவிளக்கும். வந்திருந்த பொம்பளைக எல்லாம் கல்யாணத்துக்கு வந்த மாதிரி உடுத்தி இருந்தாக. கோட்டு வாங்குற இடத்துல வாட்டசாட்டமா ஒரு அம்மா கையை நீட்டுச்சு. நான் ரெண்டு கையாலயும் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு நடுங்கிக் காமிச்சேன். அந்தம்மா சுவத்துல இருந்த ஹீட்டரைக் காமிச்சுச்சு.

இருமிப் பாத்தேன். வீட்டுக்காரம்மா பையில இருந்து இருமல் மிட்டாய் எடுத்து என் வாயில வச்சாக.

பின்னால வரிசை நீண்டுக்கிட்டே போகுது. வீட்டுக்காரம்மா பாத்தாக. பட்டனைக் கழட்டத் தெரியல போலன்னு நெனைச்சுக்கிட்டு அவுகளே கழட்ட ஆரம்பிச்சாக. சின்னப்புள்ளைக்குக் கழட்டுற மாதிரி, மேல இருந்து ஒண்ணொண்ணா. நான் மிட்டாயோட நின்னேன்.

கோட்டு போச்சு.

துண்டைச் சட்டுன்னு ரெண்டு தோள்லயும் விரிச்சு, ஒரு முனைய இழுத்துக் கறைய மறைச்சேன். அது மட்டும் இல்லேன்னா அங்கனயே உசுரை விட்டிருப்பேன்.

வீட்டுக்காரம்மா மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாக. நெஞ்சுல கைய வச்சாக. ஒரு வார்த்தை சொன்னாக. முடிஞ்சுச்சு, மக இனி ரோட்டுலதான்னு நெனைச்சேன்.

கச்சேரி நல்லாத்தான் இருந்திருக்கும். நூறு பேரு சேந்து வாசிச்சதுல என் நெஞ்சு அடிச்சது வெளிய கேக்கல, அது ஒரு உபகாரம். மத்தபடி என் கண்ணு அந்தம்மா மூஞ்சியிலதான் இருந்துச்சு.

இடைவேளையில அவுக கூட்டாளிக நாலஞ்சு பேரு வந்து சுத்தி நின்னாக. ஒருத்தவுக பூவத் தொட்டுப் பாத்தாக. ஒருத்தவுக துண்டு ஓரத்தைத் தடவிப் பாத்தாக. வீட்டுக்காரம்மா என் தோள்ல கையப் போட்டு, "இந்தியா, இந்தியா"ன்னு அவுகளுக்கு என்னமோ வெளக்குனாக. நான் எல்லாருக்கும் வணக்கம் போட்டேன். ஒரு கையாலதான். இன்னொரு கை கறை மேல இருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் என்கூடவே மாடியேறி வந்து மககிட்டப் பேசுனாக. பேனாவக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுட்டு, என் கன்னத்துல தட்டிட்டுப் போனாக.

"என்னடி சொன்னாக?"

"ஒங்கூர்ல கச்சேரிக்குன்னே இப்படி ஒரு உடுப்பு இருக்கான்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"இருக்குன்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

"அம்புட்டுத்தானா?"

"அவுகளுக்கும் ஒண்ணு வேணுமாம்."

ஊருக்கு வந்ததும் கம்பம் கடைவீதியில நல்ல காட்டன் நைட்டியா, சாயம் போகாததாப் பாத்து எடுத்து அனுப்பி வச்சேன். கூடவே ஒரு புதுத் துண்டும்.

நேத்து மக போட்டோ அனுப்புனா. அதே மண்டப வாசல்ல, முத்துமாலையும் நைட்டியுமா வீட்டுக்காரம்மா சிரிச்சுக்கிட்டு நிக்கிறாக. சுத்தி அத்தனை கூட்டம்.

பாத்துட்டு எனக்கு ஒரு வாய்ச் சோறு எறங்கல. இம்புட்டுப் படிச்சவுக, வெறும் நைட்டியோட கச்சேரிக்குப் போயிருக்காக. மேல ஒரு துண்டு போட வேணாமா?