சம்பந்திகள் குரூப்

"அந்த மைக் படத்தைத் தொட்டுட்டுப் பேசும்மா. நீ பேசறத அதுவே எழுதிடும். பேசி முடிச்சதும் அம்புக்குறிய அமுக்கு, அவ்வளவுதான்."

தான் வேலை பார்க்கும் வெளிநாட்டுக் கிடங்கில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒளிந்து நின்று மகன் பாடம் நடத்தினான். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இரண்டு வீட்டாரும் பேசிப் பழக அவன்தான் வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, தன்னோடு அம்மாவையும் அட்மின் ஆக்கியிருந்தான். அவன் குரல் அப்பாவின் போனில் ஸ்பீக்கரில் அலறியது. அம்மாவின் போன் அம்மா கையில்.

முதல் வணக்கம் குரூப்பில் வந்து விழுந்தது.

'வணக்கம் சம்பந்தி நான் பொண்ணோட அம்மா வயசு அறுபத்திரண்டு இப்ப சமையல்கட்டுல நிக்கிறேன் ஏங்க இது போதுமா அன்னைக்கு நம்ம வீட்டுக்கு வந்தப்ப அந்த மனுஷன் வாயத் திறந்தாரா பாருங்க சரியான உம்மணாமூஞ்சி'

ஒளிந்திருப்பதையும் மறந்து மகன் கூவினான்.

"அம்மா! நீ அப்பாகிட்ட சொன்னதும் சேர்ந்து போயிருக்கு!"

"உம்மணாமூஞ்சியுமா?"

"முழு மூஞ்சியும்!"

"அண்ணா, கல்யாணம் மட்டும் நின்னுச்சு, எல்லாப் போனையும் தண்ணித் தொட்டியில போட்டுருவேன்!" தங்கை பின்னாலிருந்து கத்தினாள்.

"பதறாதீங்க. அம்மா, அந்த மெசேஜை அழுத்திப் பிடிச்சு டெலீட் குடு."

"குடுத்துட்டேன்டா. துடைச்சுவிட்ட மாதிரி போயிடுச்சு!"

மகன் பார்த்தான். உம்மணாமூஞ்சி அங்கேயேதான் இருந்தது.

"அய்யோ, உன் போன்ல மட்டும் அழிச்சிருக்க! இனிமே உன்னால அதைத் தொடவே முடியாது. நான் அழிச்சாலும் அட்மின் அழிச்சதுன்னு காட்டிக் குடுத்துரும். சரி, மன்னிப்புக் கேட்ருவோம். மைக்கைத் தொடு. நான் சொல்ற மாதிரியே சொல்லு."

அம்மா பயபக்தியோடு சொன்னாள். மைக்கும் பாரபட்சம் பார்க்காமல் இருவர் குரலையும் எழுதியது.

'மன்னிச்சிடுங்க சம்பந்தி இன்னும் கொஞ்சம் அழுற மாதிரி சொல்லும்மா மன்னிச்சிடுங்க சம்பந்தி அந்தாளு கோபக்காரர் மாதிரி தெரியுது எதுக்கும் நாலு ஐஸ் வை ஐஸ் வைக்கிறேன் சம்பந்தி'

"செத்தோம்!" என்றான் மகன்.

"ஏன்டா, நல்லாத்தானே கேட்டேன்?"

"தெய்வமே, நீ ஒண்ணுமே பேசாத! குரூப்ப விட்டு வெளிய வந்துடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

கண்ணாடியைத் தேடி எடுக்கப் பொறுமையில்லாமல் அம்மா எதையோ அழுத்தினாள். அடுத்த நொடி குரூப்பில் ஒரு வரி தோன்றியது: 'சம்பந்தி நீக்கப்பட்டார்.'

"அவரையே வெளிய தள்ளிட்டியேம்மா!"

"அடியேய், உனக்கு இந்த வேலையெல்லாம் தேவையா?" என்று அப்பா தலையில் கை வைத்தார்.

தங்கை அழ ஆரம்பித்தாள். மகன் சம்பந்தியை மறுபடி உள்ளே இழுத்துப் போட்டான். சம்பந்தி வந்தார். அம்மாவின் போனில் மன்னிப்பு மெசேஜில் நீலக் குறிகள் விழுந்திருந்தன; அதைப் படித்தவர் முதல் மெசேஜையும் படித்திருப்பார். குரூப் பெயருக்குக் கீழே 'சம்பந்தி டைப் செய்கிறார்' என்று ஓடத் தொடங்கியது. ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"இவ்வளவு நேரமா திட்டறாரு?" என்றாள் அம்மா.

பதில் வந்தது.

'சம்பந்தியம்மா நான் ஒண்ணும் கோவிச்சுக்கல ஏண்டி அன்னைக்குப் பல்செட்ட பஸ்ல தொலைச்சிட்டு வந்ததாலதான் வாயத் திறக்கலன்னு சொல்லிடட்டுமா வேணாமா தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்களா அதுவும் சரிதான் மூச்சு விட மாட்டேன் ஐயோ என்னடி இது நான் சொல்றதெல்லாம் எழுதுது இதப் படிக்கிறவங்க யாராச்சும் தயவுசெஞ்சு இத எப்படி நிறுத்தறதுன்னு சொல்லுங்களேன்'