தனிச்சொத்துக்காரர்

தனிச்சொத்துக்காரர் என்றொரு இனம் நம் நடுவே உலவுகிறது. கல்யாணமாகி இருபது வருஷம் வரை இவரை அடையாளமே தெரியாது. வாய்க்கு வாய் 'நம்ம வீடு' என்பார். கூரை ஒழுகினாலோ இன்னும் பலமாக 'நம்ம வீடு'. விவாகரத்து நோட்டீஸ் கைக்கு வரட்டும், அது 'எங்கப்பா வீடு' ஆகிவிடும். அப்பா, தாத்தா, அவருக்கும் முந்தினவர் எல்லாரும் சுவரில் மாட்டிய படத்திலிருந்து இறங்கி வந்து, ஆளுக்கொரு செங்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

நம் ஆள் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். எந்த ராஜா எந்த வருஷம் செத்தான் என்று கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வார். வீட்டு வரி எந்த மாசம் கட்டவேண்டும்? அது மட்டும் தெரியாது. ஆனாலும் ஒன்று: அந்த வீடு கைவிட்டுப் போனால் அப்பா இரண்டாந்தடவை செத்த மாதிரி என்று அவர் நிஜமாகவே நம்பினார். அதைக் கேலி செய்ய நமக்கு மனசு வராது. மற்றதைச் செய்யலாம்.

சமரசம் பேசும் நாள். நாலு நாற்காலி, ஒரு மேஜை, தலைக்கு மேலே முனகும் மின்விசிறி. எதிரே மனைவி, ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை, அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வீடு அப்பா கொடுத்தது, மனைவி அதில் கையே வைக்கவில்லை, இவ்வளவுதான் சொல்லவேண்டும் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பேராசிரியரிடமா? முக்கால் மணி நேரம் சொன்னார். தடிமனான ஒரு ஃபைலை மேஜைமேல் தொப்பென்று வைத்து, "எல்லா ஆதாரமும் இதுல இருக்கு" என்று முடித்தார்.

சமரச அதிகாரி பொறுமைசாலி. மாடி எப்போது கட்டியது, ரசீது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

பேராசிரியர் ஃபைலைப் பிரித்தார். புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? எதிர் நாற்காலியைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, மாடி கட்டின ரசீதெல்லாம் எங்க வெச்சிருக்கே?"

அவள் நிமிரக்கூட இல்லை. "பச்சை அட்டைக்குப் பின்னால. கண்ணாடி உங்க சட்டைப் பையில இருக்கு, போட்டுட்டுப் பாருங்க."

அதிகாரி கை நீட்டி ஃபைலை வாங்கிக்கொண்டார். வரி ரசீதில் அவள் கையெழுத்து. மாடிக்கு வாங்கிய கடன் அவள் சம்பளத்தில் பிடித்தது. கொத்தனாரோடு சண்டை போட்டு எழுதிய கடிதம் அவளுடையது. பேராசிரியரின் அப்பா எழுதிய உயிலின் நகலில்கூட, 'அசல் பீரோவில், இரண்டாம் தட்டு' என்று மூலையில் அவள் எழுத்து.

"இவங்க கையே வைக்கலன்னு சொன்னீங்களே, சார்?" என்றார் அதிகாரி.

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். கீழ்வீடு அவருக்கு, மாடி அவளுக்கு என்று சாயங்காலத்துக்குள் எழுதியாகிவிட்டது. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்பதையும் அவள்தான் காட்டினாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அது கிடக்கட்டும், உங்கள் வீட்டுப் பத்திரம் இப்போது எங்கே இருக்கிறது? அட, உள்ளே பார்த்துக் குரல் கொடுக்காதீர்கள். நீங்களே எழுந்துபோய்த் தேடுங்கள்.